இளைப்பு மாத்திரையும் குலவழி நொதியும்

திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் இளைப்புக்கு மருந்து கேட்டு யாரும் வராத மருந்துக்கடை இருக்காது. சீட்டில் எழுதியிருக்கும் பெயர்கள் சிலவே: சால்பியூட்டமால், டெரிஃபிலின், மான்டெலுகாஸ்ட், உறிஞ்சும் ஸ்டீராய்டு. ஆனால் அவை உடம்புக்குள் போய்ச் செய்யும் வேலை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்கு அரை மாத்திரையிலேயே கை நடுங்கி நெஞ்சு படபடக்கும். அதே மாத்திரையைப் பல ஆண்டுகளாக விழுங்கிவரும் அவருடைய அண்ணனுக்கு ஒன்றும் இருக்காது. ஒரு குழந்தை மான்டெலுகாஸ்ட் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கும். இன்னொன்று கெட்ட கனவு கண்டு அலறி எழும். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மான்டெலுகாஸ்டின் மனநலப் பக்கவிளைவுகளுக்காகத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது.

இந்த வேறுபாட்டுக்கு வயது, எடை, கல்லீரலின் நிலை, கூடவே எடுக்கும் மருந்துகள், புகைப்பழக்கம் என்று பல காரணங்கள் உண்டு. இவை அத்தனையையும் கழித்த பிறகும் மிஞ்சுவதில் பெரும்பங்கு மரபணுவுடையது. உலக ஆய்வாளர்கள் இதைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடிவருகிறார்கள். அவர்கள் அதிகம் தோண்டிய இடத்தில் கிடைத்தது கொஞ்சம்தான். தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் முடித்த சமூகங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் திருச்சி போன்ற ஊருக்கு மிகத் தெளிவாகப் பொருந்தும் சான்று வேறோர் இடத்தில் இருக்கிறது. நெஞ்சுநோய் மருத்துவர் எழுதும் ஒரு இரவு மாத்திரையையும், அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் போடும் ஓர் ஊசியையும் ஒரே ரத்த நொதி இணைக்கிறது. அந்த நொதி தென்னிந்தியாவின் ஒரு பெரிய சமூகத்தில் பலருக்குப் பிறப்பிலேயே இல்லை. இந்த இணைப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் அதிகம் தோண்டப்பட்ட இடத்தைப் பார்த்துவிடலாம். மூச்சுக்குழாய்த் தசைகளின் மேல் பீட்டா-2 என்ற ஏற்பி இருக்கிறது. சால்பியூட்டமால், சால்மெட்டரால் போன்ற மருந்துகள் அதில் ஒட்டிக்கொண்டு தசையைத் தளர்த்துகின்றன. இந்த ஏற்பிக்கான மரபணு ஐந்தாவது குரோமோசோமில் உள்ளது. அது உருவாக்கும் புரதத்தின் 16ஆம் இடத்தில் சிலருக்கு ஆர்ஜினைனும் சிலருக்குக் கிளைசினும் இருக்கும். இரண்டு பிரதியிலும் ஆர்ஜினைன் உள்ளவர் அமெரிக்கரில் சுமார் ஆறில் ஒருவர். அவர்கள் சால்பியூட்டமாலைத் தினமும் தவறாமல் எடுத்தால் மூச்சின் வேகம் கூடுவதற்குப் பதில் குறைகிறது என்று 2004இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதற்குச் சற்று முன்புதான் சால்மெட்டராலைப் பற்றிய பெரிய சோதனை ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. 26,000க்கு மேற்பட்டோர் பங்கேற்ற அந்தச் சோதனையில் சால்மெட்டரால் எடுத்தவர்களில் 13 பேரும், வெற்று மருந்து எடுத்தவர்களில் 3 பேரும் ஆஸ்துமாவால் இறந்திருந்தார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. உடனே எல்லாருடைய பார்வையும் மரபணுவின் பக்கம் திரும்பியது. யாருக்கு இந்த மருந்து எமனாகும் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. ஸ்டீராய்டுடன் சேர்த்து எடுத்தால் ஆர்ஜினைன் உள்ளவருக்கும் கிளைசின் உள்ளவருக்கும் சால்மெட்டரால் ஒரே அளவில் பயன்தருகிறது என்று 2009இல் இன்னொரு ஆய்வு காட்டியது. பின்னர் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த பாதுகாப்புச் சோதனைகளின் அடிப்படையில், 2017 டிசம்பரில் இந்தக் கூட்டு மருந்துகள் மேலிருந்த எச்சரிக்கைக் கட்டத்தை அமெரிக்கா நீக்கியது. உயிர்களைப் பறித்ததில் முக்கியப் பங்கு மருந்தை எடுத்த முறைக்கு இருந்தது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இல்லாமல் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் நம்பியிருந்ததுதான் கேடு. மரபணு ஆய்வில் இத்தகைய ஏமாற்றங்கள் சகஜம். ஆனால் இவை வெளியே பேசப்படாததால், மலிவாகக் கிடைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை விட்டுவிட்டு விலை கூடிய மரபணுப் பரிசோதனையைத் தேடும் ஆசை சிலருக்கு வந்துவிடுகிறது.

உறிஞ்சும் ஸ்டீராய்டின் பக்கம் ஒரு நல்ல கண்டுபிடிப்பு உண்டு. அதிக அளவில் நெடுங்காலம் எடுக்கும் குழந்தைகளில் சிலருக்கு அட்ரினல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. காய்ச்சலோ அறுவையோ வரும்போது அது ஆபத்தாகலாம். எந்தக் குழந்தைக்கு இது வரும் என்று தேடிய லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு, 11ஆவது குரோமோசோமில் பிடிஜிஎஃப்டி என்ற மரபணுவில் ஒரு திரிபைக் கண்டு 2018இல் வெளியிட்டது. அந்தத் திரிபின் பிரதிகள் கூடக் கூட ஆபத்தும் கூடியது. ஆஸ்துமா இல்லாத, வேறு நுரையீரல் நோய்க்காக ஸ்டீராய்டு எடுத்த பெரியவர்களிடமும் அதே திரிபு தென்பட்டது. இந்த மருந்தை எடுக்கும் குழந்தைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சோர்வு, எடை குறைதல், வளர்ச்சி தடைபடுதல். மருந்தைத் தாங்களாகவே திடீரென நிறுத்திவிடக் கூடாது.

அடுத்து டெரிஃபிலின். தியோஃபிலின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மாத்திரையும் ஊசியும் தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரிந்தவை. தேயிலையிலிருந்து தியோஃபிலினை 1888இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் கோசல். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பதே நெடுங்காலம் அதன் அளவுகோலாக இருந்தது. அதற்குக் கீழே பலன் குறைவு. மேலே போனால் வாந்தி, படபடப்பு, கடைசியில் வலிப்பு. இவ்வளவு குறுகிய இடைவெளியில் வேலை செய்யும் மருந்தைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி1ஏ2 என்ற நொதி. அதன் வேகம் மரபணுவுக்கு ஏற்ப ஆளுக்கு ஆள் மாறும். உறையூர்ப் பக்கத்தில் சுற்றப்பட்டு உலகமெங்கும் போன திருச்சிச் சுருட்டு இங்கே கதைக்குள் வருகிறது. புகையிலைப் புகை இந்த நொதியைத் தூண்டிவிடும். நொதி மரபணுவின் ஒரு திரிபு உள்ளவர்களிடம் அந்தத் தூண்டல் இன்னும் அதிகம். அதனால் சுருட்டோ பீடியோ பிடிப்பவருக்குத் தியோஃபிலின் சீக்கிரம் கரைந்துபோகும். மருத்துவர் அளவைக் கூட்டுவார். அந்த நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்துப் புகையை விட்ட சில நாளில் நொதி அடங்கிவிடும். அதே அளவு மருந்து இப்போது நஞ்சாகும். காய்ச்சலுக்கு சிப்ரோஃபிளாக்சசின் கொடுத்தாலும் இதே விபரீதம்தான், ஏனென்றால் அது இந்த நொதியை முடக்கிவிடும். ஸ்ரீரங்கத்து ஃபில்டர் காபியின் கஃபீனும் தியோஃபிலினின் நெருங்கிய உறவு. இதே நொதியால்தான் உடைகிறது. டெரிஃபிலின் எடுப்பவர் படபடப்பு என்று சொன்னால் அவர் நாளுக்கு எத்தனை டம்ளர் காபி குடிக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

தமிழரிடமே அளந்து பார்த்த ஒரு விவரமும் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் மருந்தியல் பேராசிரியர் சி. ஆதித்தன் தலைமையில் நடந்த ஆய்வுகள் தமிழ்நாட்டு மக்களின் மருந்து உடைக்கும் நொதிகளை வரிசையாக ஆராய்ந்தன. அமில எதிர்ப்பு மாத்திரைகளை உடைக்கும் சிஒய்பி2சி19 நொதியைச் செயலிழக்கச் செய்யும் மரபணு வடிவம் ஐரோப்பியரிடம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. தமிழரிடம் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று 2003இல் அவர்கள் தெரிவித்தார்கள். ஆஸ்துமாவுக்கும் அமில மாத்திரைக்கும் என்ன தொடர்பு? இளைப்பு உள்ள குழந்தைகளுக்கு வயிற்று அமிலம் மேலேறுவதுதான் காரணம் என்று எண்ணி லான்சோபிரசோல் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான சோதனையில் அது ஆஸ்துமாவைக் குறைக்கவில்லை, சளித்தொற்றைத்தான் கூட்டியது. நொதி மெதுவாக வேலை செய்யும் குழந்தைகளிடம் அந்தத் தொற்றுகள் மேலும் அதிகம் என்று 2013இல் அதே குழுவினர் காட்டினார்கள். மெதுவான நொதி அமெரிக்க வெள்ளையரைவிடத் தமிழ்க் குழந்தைகளிடம் அதிகம். நெஞ்செரிச்சல் எதுவும் இல்லாத இளைப்புக் குழந்தைக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று அமில மாத்திரை எழுதுவதை நம் ஊரில் நிறுத்துவதற்கு இந்த ஒன்றே போதும்.

இனி அந்த இரவு மாத்திரை. அதன் பெயர் பேம்பியூட்டரால். ஸ்வீடனின் லுண்டு நகரில் அஸ்ட்ரா நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் உருவாக்கிய மருந்து. இந்தியாவில் தனி மாத்திரையாகவும், குழந்தைகளுக்குச் சிரப்பாகவும், மான்டெலுகாஸ்டோடு கலந்த கூட்டு மாத்திரையாகவும் கிடைக்கிறது. படுக்கும் முன் 10 அல்லது 20 மில்லிகிராம், ஒருவேளை போதும்.

இந்த வகை மாத்திரைகள் நம் ஊரில் ஓடுவதற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. இன்ஹேலர் பிடித்தால் அது பழகிவிடும், பிறகு விடவே முடியாது என்ற பயம் வேரோடியிருக்கிறது. கல்யாண வயதுப் பெண் கைப்பையில் இன்ஹேலர் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அதனால் மாத்திரையையே கேட்டு வாங்குகிறார்கள். சால்பியூட்டமாலை உறிஞ்சினால் இரண்டு பஃப்பில் 200 மைக்ரோகிராம். விழுங்கும் மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. நுரையீரலுக்கு வேண்டிய மருந்து ரத்தமெங்கும் சுற்றுகிறது. நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் கூடுகின்றன. வாய்வழி பீட்டா மருந்துகளை உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம்.

பேம்பியூட்டராலின் வடிவமைப்பில் ஒரு வேதியியல் சாமர்த்தியம் இருக்கிறது. அது தானாக வேலை செய்யாது. அதற்குள் இருப்பது டெர்பியூட்டலின் என்ற பழைய மருந்து. இரண்டு கார்பமேட் தொகுதிகள் அதை மூடியிருக்கின்றன. அவற்றைக் கழற்றி உள்ளே உள்ளதை விடுவிக்கும் முதன்மையான வேலை, ரத்தத் திரவத்தில் மிதக்கும் ஒரு நொதியுடையது. அதன் பெயர் பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ். நம் ஆய்வகச் சீட்டுகளில் சூடோகோலினெஸ்டெரேஸ் என்று இருக்கும். இந்த நொதி கார்பமேட்டைக் கழற்றும்போது அந்தக் கார்பமேட் நொதியின் மீதே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது விலகும்வரை நொதி முடங்கிக் கிடக்கும். மருந்தை விடுவிக்கும் கருவியை மருந்தே கட்டிப்போடுவதால், டெர்பியூட்டலின் ஒரே நேரத்தில் கொட்டாமல் மெல்ல மெல்லக் கசிந்து இரவு முழுதும் நீடிக்கிறது. நாளுக்கு ஒருவேளை போதும் என்பதன் ரகசியம் இதுதான். மாத்திரை விழுங்கிய இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் நொதியின் முடக்கம் உச்சத்தில் இருக்கும்.

இந்த நொதிக்கு உடம்பில் அவசியமான வேலை என்ன என்று கேட்டால், அது இல்லாமலும் வாழ முடிகிறது என்பதே பதில். ஆனால் அறுவை அரங்கில் அதற்கு ஓர் உயிர்காக்கும் வேலை உண்டு. நோயாளியின் மூச்சுக்குழாயில் குழாய் செருகும் முன் தசைகளைத் தளர்த்த சக்சமெத்தோனியம் என்ற ஊசி போடுவார்கள். இந்திய அறுவை அரங்குகளில் அதற்குப் பழகிய பெயர் ஸ்கோலின். ஒரு நிமிடத்துக்குள் உடம்பிலுள்ள தசை அத்தனையும் தளரும். மூச்சுவிடும் தசையும் நிற்கும். சூடோகோலினெஸ்டெரேஸ் அதை உடைத்துத் தள்ளுவதால் பத்து நிமிடத்துக்குள் தசைகள் பழைய நிலைக்குத் திரும்பும். நொதி இல்லாதவருக்கு அந்தப் பத்து நிமிடம் பல மணி நேரமாகும். ஸ்கோலின் ஆப்னியா என்று மயக்கவியல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். செயற்கை சுவாசத்தில் வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நிலைமை புரியாமல் மயக்க மருந்தை நிறுத்திவிட்டால், நோயாளிக்கு நினைவு திரும்பியிருக்கும். விரலை அசைக்கவோ மூச்சுவிடவோ அவரால் முடியாது. பிழைத்து வந்த பிறகும் அந்தப் பீதி பலரை விடுவதில்லை.

மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவைப் படிக்கும் துறையே பெருமளவுக்கு இந்த நொதியிலிருந்து பிறந்தது. டொரன்டோவில் வெர்னர் காலோ 1950களில் ஸ்கோலினால் மூச்சு நின்றவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தார். அவர்களுடைய நொதி அளவில் குறைந்தது மட்டுமல்ல, இயல்பிலேயே வேறுபட்டது, அது குடும்பவழி வருகிறது என்று காட்டினார். 1957இல் அவர் வெளியிட்ட பரிசோதனை முறை உலகெங்கும் பரவியது. 1959இல் ஃப்ரீட்ரிக் ஃபோகல் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டினார்.

காலோ கண்டது ஐரோப்பியரிடம் உள்ள, அரைகுறையாக வேலை செய்யும் நொதி. தென்னிந்தியாவில் இருப்பது அதைவிடக் கடுமையானது. 1970களின் இறுதியில் ஆந்திர வைசியர் என்ற வணிகச் சமூகத்தாரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், நொதியே செயல்படாதவர்கள் அவர்களிடையே அசாதாரண எண்ணிக்கையில் இருப்பதைப் பதிவு செய்தார்கள். காரணமான பிழையை மரபணுவில் சுட்டிக் காட்டியவர்கள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதியும் அவருடைய குழுவினரும். நெப்ராஸ்காவின் ஒக்ஸானா லாக்ரிட்ஜ் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். மூன்றாவது குரோமோசோமிலுள்ள மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் அமர்ந்துவிடுகிறது. புரதம் மடிய வேண்டிய விதத்தில் மடியாமல் போகிறது. 2006இல் இது வெளியானது. அடுத்த ஆண்டே அவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். நொதி முற்றிலும் இல்லாத வைசியர்களின் உடல்நலத்தை ஆராய்ந்து, அவர்கள் மற்றவர்களைப் போலவே நலமாக வாழ்கிறார்கள் என்று அறிக்கை தந்தார்கள். இந்த இரண்டாவது கட்டுரையை நான் முதலாவதைவிட மேலாக மதிக்கிறேன். ஒரு சமூகத்தின் ரத்தத்தில் குறை கண்டுபிடித்தவர்களே, அந்தக் குறை நோய் அல்ல என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

வைசியரிடம் இது ஏன் குவிந்தது? கன்னிகா பரமேஸ்வரியை வணங்கும் ஆரிய வைசியர் 102 கோத்திரங்களாகத் தங்களை அமைத்துக்கொண்டவர்கள். தாய்மாமன் மகளை மணக்கும் மேனரிக உறவைப் போற்றியவர்கள். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு வணிகர்கள் தெற்கே இறங்கியபோது காவிரிக்கரை நகரங்களுக்கும் வந்தவர்கள். ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங்கும் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, வைசியரின் முன்னோர் கூட்டம் நூறு தலைமுறைக்கு முன்பே சிறு எண்ணிக்கைக்குச் சுருங்கியது என்றும், அதன் பிறகு வெளியிலிருந்து கலப்பு மிகக் குறைவு என்றும் காட்டியது. இன்று அவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல். ஆனால் மரபணுக் கணக்கில் அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். அந்த முன்னோரில் யாரோ ஒருவரிடம் இருந்த ஒற்றைப் பிழை இன்று ஆயிரக்கணக்கானோரிடம் இருக்கிறது. 2017இல் நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழில் வந்த தொடர் ஆய்வின்படி, இந்த நொதிக் குறை வைசியரிடம் மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்வதுதான் இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் ரத்த உறவில் நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அது தனிப் பிரச்சினை. வைசியரின் நிலையில், முன்பின் தெரியாத, கோத்திரம் வேறான, நெல்லூர்க்காரரும் திருச்சிக்காரரும் மணந்தாலும், இருவரிடமும் அதே பழைய பிழை இருக்கக்கூடும். சொந்தம் விட்டு மணந்தால் போதும் என்ற அறிவுரை இங்கே பாதிதான் பலிக்கும்.

இப்போது மாத்திரையையும் ஊசியையும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டு பிரதியிலும் பிழை உள்ளவருக்கு ஸ்கோலின் ஆபத்து என்பது வெளிப்படை. பேம்பியூட்டராலைக் கழற்றும் முதன்மைக் கருவியும் அவரிடம் இல்லை. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது ஒரே ஒரு பிரதியில் பிழை உள்ளவர்கள். அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களிடம் நொதி ஏறத்தாழப் பாதி இருக்கும். ஸ்கோலின் போட்டாலும் சாதாரணமாகச் சமாளித்துவிடுவார்கள். முன்பு ஒரு அறுவை எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்திருக்கும். 'மயக்க மருந்து எனக்கு ஒத்துக்கொண்டது' என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். இப்படிப்பட்ட ஒருவர் இப்போது இரவில் பேம்பியூட்டரால் எடுப்பவராக இருந்தால், மிச்சமிருந்த பாதியையும் மாத்திரை கட்டிப்போட்டுவிடும். டென்மார்க்கில் இந்த நொதியை ஆராய்ந்துவந்த மயக்கவியல் மருத்துவர்கள், ஒரு பிரதியில் குறை உள்ளவர்களுக்கு பேம்பியூட்டரால் கொடுத்துப் பிறகு ஸ்கோலின் விளைவை அளந்தார்கள். தசை முடக்கம் பல மடங்கு நீண்டது. மரபணு தனியாகச் செய்யாததை, மாத்திரை தனியாகச் செய்யாததை, இரண்டும் சேர்ந்து செய்தன.

நடைமுறையில் இது நிகழக்கூடிய வழி மிக எளிது. ஆஸ்துமா உள்ளவருக்கு அறுவை என்றால், இளைப்பு மருந்துகளை அன்று வரை விடாமல் எடுக்கச் சொல்வதுதான் சரியான, பொதுவான அறிவுரை. அவரும் முந்தைய இரவு மாத்திரையை விழுங்குவார். நள்ளிரவில் குடல்வால் வலி வந்து சேர்க்கப்படுபவருக்கோ, மாத்திரை உச்சத்தில் வேலை செய்யும் நேரத்திலேயே ஊசி விழும். அவசர அறுவையில் ஸ்கோலினை நாடுவதும் அதன் வேகத்துக்காகத்தான். கூட்டு மாத்திரையின் அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். பேம்பியூட்டரால் என்பது பொடி எழுத்தில் இருக்கும். 'என்ன மருந்து சாப்பிடுறீங்க?' என்றால் 'வீசிங்குக்கு ஒரு மாத்திரை' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

மலைக்கோட்டையின் தாயுமானவர் வணிகர் குலத்து இரத்தினாவதிக்குப் பிரசவம் பார்க்க வந்தவர். காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாதபோது இறைவனே தாயாக வந்தார் என்பது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் பெண்கள் இன்றும் படியேறுகிறார்கள். கருவுற்ற பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கர்ப்பத்தில் இந்த நொதி இயல்பாகவே ஏறத்தாழக் கால்பங்கு குறைகிறது. ஒரு பிரதியில் பிழை, கர்ப்பம், இளைப்புக்கான இரவு மாத்திரை என மூன்றும் ஒரே உடம்பில் சேரலாம். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் முதுகுத்தண்டு ஊசியில் நடக்கின்றன. அதற்குப் பயன்படும் பூபிவகேனுக்கும் இந்த நொதிக்கும் தொடர்பில்லை. முழு மயக்கம் தேவைப்படும் அவசர நேரத்தில்தான் விழிப்பு வேண்டும். அப்போதும் இந்த நொதியைச் சாராத ராக்குரோனியம் போன்ற மாற்று மருந்துகள் கையில் இருக்கின்றன, மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

தெரிந்துகொள்வது எப்படி? சாதியைக் கேட்டால் போதும் என்பது பல மருத்துவர்களின் நடைமுறை. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் வைசியரா என்று கேட்டுவிட்டே ஸ்கோலினை எடுப்பார்கள். அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் சாதியை எழுதுவதை விட்டொழித்த தமிழ்நாட்டில், நோயாளியின் படுக்கையருகே அந்தக் கேள்வி தவறாகக் காதில் விழும். பதிலும் போதுமானதாக இருக்காது. வைசியரில் பெரும்பாலோருக்குக் குறை இல்லை. வைசியர் அல்லாத சிலருக்கு உண்டு. அதைவிட நேரான கேள்வி இருக்கிறது: 'உங்க குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வராம மெஷின்ல வெச்சிருந்தாங்களா?' அத்தை, சித்தப்பா, மாமன் மகன் வரை போகும் உறவு ஞாபகம் நம் வீட்டுப் பாட்டிகளிடம் இருக்கிறது. கேட்டால் வந்துவிடும்.

கேள்விக்குப் பின் பரிசோதனை. இங்கே காவிரிப் படுகைக்கு ஒரு வசதி உண்டு. பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு நஞ்சின் தீவிரத்தை அறிய எடுக்கும் ரத்தப் பரிசோதனை இதே சூடோகோலினெஸ்டெரேஸ்தான். அதற்காகப் பெங்களூருக்கோ மும்பைக்கோ ரத்தத்தை அனுப்ப வேண்டியதில்லை. வயலில் பூச்சிமருந்து தெளிப்பவர்களுக்கும், கல்லீரல் கெட்டவர்களுக்கும் மரபணுவில் பிழை இல்லாமலே இந்த நொதி குறைவாக இருக்கும் என்பதை மட்டும் மருத்துவர் நினைவில் வைத்தால் போதும்.

டென்மார்க்கில் 1973இலிருந்து இதற்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் இயங்குகிறது. ஒருவருக்கு ஸ்கோலின் சிக்கல் வந்தால் அவர் குடும்பத்தையே பரிசோதித்து எச்சரிக்கை அட்டை தருகிறது. ஆரிய வைசிய சங்கங்கள் கண் சிகிச்சை முகாமும் ரத்ததான முகாமும் நடத்துகின்றன. அதே முகாமில் இந்த ஒரு பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டால், சட்டைப்பையில் வைக்க ஓர் அட்டை கொடுத்துவிடலாம். முடிவு அவரவர் கையிலும் மருத்துவரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். ஜாதகத்தோடு சேர்த்துப் பார்க்கும் காகிதமாக அது மாறினால், நோயே இல்லாத பெண்ணும் பையனும் வீணாகத் தட்டிக்கழிக்கப்படுவார்கள்.

வைசியரைப் பற்றி மேலே சொன்ன 2017 ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81, மரபணு ஆய்வில் பேர்போன ஃபின்லாந்துக்காரரையும் அஷ்கெனாசி யூதரையும்விடக் கடுமையாகச் சுருங்கிப் பெருகியவை. வைசியரின் கதை நமக்குத் தெரிந்தது, ஸ்கோலின் என்ற மருந்து அதை மறைக்க முடியாதபடி அரங்கில் காட்டிக்கொடுத்ததால்தான். மற்றச் சமூகங்களில் எந்த நொதி, எந்த மருந்து என்பதைக் கண்டறியப் பத்தாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுப்பு 2025 முதல் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. அதற்கு இணையாக நோயாளியிடமிருந்து மேலே போக வேண்டிய தகவலும் உண்டு. இளைப்பு மருந்தால் எதிர்பாராத விளைவு வந்தால் 1800-180-3024 என்ற தேசிய மருந்துக் கண்காணிப்பு இலவச எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். அந்தத் தகவல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தைச் சேரும்.

பரிசோதனைக்குப் போகும் திருச்சிக்காரர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பேம்பியூட்டரால் எடுத்துக்கொண்டிருக்கும்போது ரத்தம் கொடுத்தால், மரபணு சரியாக உள்ளவருக்கும் நொதி குறைவாகத்தான் காட்டும். மாத்திரையின் பெயரை ஆய்வகச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். மருத்துவர் சம்மதித்தால் அதை மாற்றிவிட்டு, நொதி மீண்டும் எழும்பிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் குறைவாகவே இருந்தால்தான் அண்ணன் தம்பியையும் அக்கா தங்கையையும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருக்கும்.